உல்லாச மோட்டார் வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழுது நீக்கும் முறை

யந்திரங்களில் காணப்படும் குற்றங்கள் இரு வகைப்படும். தேய்மானத்தாலும் கவனக்குறைவாலும் நாளடைவில் நேரும் பழுது ஒன்று. யந்திரத்தைச் செய்யும்போதே அதனுள் அமைந்துவிட்ட குற்றம் மற்றொன்று. முன்னதை, காலத்தில் எண்ணெய் இட்டு, திருகாணிகளை முடுக்கி, தேய்ந்த உறுப்பை மாற்றி, சொந்தக்காரரே தவிர்த்துக்கொள்ளலாம். பின்னதோ எத்துணை கவனமாகப் பராமரித்தாலும் நீங்காது. அன்றியும், அது ஒரு யந்திரத்தில் மட்டும் இராது. அதே அமைப்பில் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான யந்திரங்களிலும் மறைந்து கிடக்கும். இத்தகைய குற்றம் வெளிப்பட்டவுடன், விற்ற யந்திரங்களைக் கம்பெனியாரே திரும்ப அழைத்துச் செலவின்றிச் சீர்செய்து தருவதற்கு ‘ரீகால்’ என்று பெயர்.

இம்முறையின் நன்மையையும் அதன் குறைபாடுகளையும் அறிந்துகொள்வதற்கு, அமெரிக்காவில் சாலையில்லாத நிலங்களில் ஓட்டப்படும் சிறு மோட்டார் வண்டிகளின் வரலாறு தக்க உதாரணமாகும். அவ்வண்டிகள் பெரும்பாலும் உல்லாசத்திற்காக வாங்கப்படுபவை. எனினும் பண்ணை வேலைக்கும் பயன்படுகின்றன. யந்திரம் வாங்கும் விவசாயி எவருக்கும் அவ்வரலாற்றில் கற்றுக்கொள்ளத்தக்க செய்தி உண்டு.

மூன்று சக்கர வண்டிகள்

ஹோண்டா கம்பெனியார் 1970-ம் ஆண்டில் அமெரிக்காவில் மூன்று சக்கரங்களுள்ள ஒரு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்கள் பூட்டப்பட்டிருந்தமையால், அது மணலிலும் சேற்றிலும் பனியிலும் புதையாமல் ஓடிற்று. குதிரைமேல் அமர்வது போல் ஆசனத்தில் அமர்ந்து, சைக்கிளைப் போல் கைப்பிடியால் திருப்பி ஓட்ட வேண்டும். இவ்வகை வண்டிகள் பொதுவாக ஏ.டி.வி. என்று அழைக்கப்படுகின்றன. வேட்டைக்காரரும் பண்ணைக்காரரும் இவற்றை விரும்பி வாங்கினர். நாளடைவில் வாலிபரும் சிறுவரும் விளையாட்டாக ஓட்டத் தொடங்கினர்.

வைக்கோலை உயரமாக ஏற்றிய வண்டி வரப்பில் ஒரு சக்கரம் ஏறியதும் சாய்ந்துவிடுவதைக் குடியானவர் அனைவரும் அறிவர். பாரம் உயரத்தில் இருந்து, சக்கரங்களின் இடைவெளி குறுகியிருந்தால் எவ்வண்டியும் எளிதில் கவிழும். மூன்று சக்கர வண்டியில் முன்புறம் ஒரே சக்கரம் இருந்தமையால், வேகமாகத் திருப்பும்போது அது முன்பக்கமாகச் சாய்ந்து கவிழ இடமிருந்தது. அன்றியும், பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருந்தன. திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருக்க, இரண்டும் ஒரே அளவில் சுழன்றன. ஓட்டுபவர் தம் உடற்பாரத்தைச் சமயமறிந்து மாற்றினாலன்றி வண்டி சொன்னபடி திரும்பாது. இப்பழக்கம் பயிற்சியில்லாதவருக்கும் சிறுவருக்கும் எளிதில் வருவதன்று.

விபத்துகளும் மரணங்களும் பெருகியதன் பேரில் அமெரிக்க அரசாங்கம் நீதிமன்றம் சென்றது. 1988-ம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, முக்கியக் கம்பெனியார் புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தினர். வாங்குவோருக்குப் பயிற்சி அளிக்கவும், 90 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இஞ்சின் உள்ள வண்டிகளை 16 வயதிற்குட்பட்டவர்களுக்கு உரியவையென்று விற்காதிருக்கவும் ஒப்புக்கொண்டனர். ஆயினும், முன்னரே விற்கப்பட்ட வண்டிகளைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க வேண்டுமென்ற ஏற்பாடு அதில் இல்லை. ஆகவே, கடையில் நின்ற அபாயம் நீங்கியதேயன்றி, வீட்டுக் கொட்டகையில் நின்ற அபாயம் நீங்கவில்லை. 2008-ம் ஆண்டுச் சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது.

சட்டத்தின் ஏற்பாடு

அமெரிக்காவில் சாலையில் ஓடும் கார்களையும் லாரிகளையும் கண்காணிப்பது ஓர் இலாகா. சாலையில்லா நிலத்தில் ஓடும் இவ்வண்டிகளோ, 1972-ம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷனின் பார்வையில் உள்ளன. தாங்கள் விற்ற பொருளில் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய குற்றம் இருப்பதாகக் கருத நியாயமான தகவல் கிடைத்தால், கம்பெனியார் 24 மணி நேரத்திற்குள் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றம் உறுதிப்படின் பொருளைச் சீர்செய்தல், வேறு பொருள் கொடுத்தல், பணத்தைத் திருப்பித் தருதல் ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்வது வழக்கம். ரீகால் செய்யப்பட்ட பொருளைப் பழுது நீக்காமல் வியாபாரிகள் விற்பது 2008-ம் ஆண்டு முதல் குற்றமாக்கப்பட்டது. 2011-ம் ஆண்டு முதல், பொருளை உபயோகித்தவர்களே தமக்கு நேர்ந்த தீங்கைக் கமிஷனின் பதிவேட்டில் தெரிவிக்கவும் வசதி செய்யப்பட்டது.

யமஹா ரைனோ வண்டி

பிற்காலத்தில், இருவர் பக்கம் பக்கமாக அமர்ந்து காரைப் போல் சக்கரத்தைத் திருப்பி ஓட்டும் வண்டிகள் பரவின. யமஹா கம்பெனியாரின் ரைனோ அவற்றுள் ஒன்று. ரைனோ 450, 660 என்னும் மாதிரிகள் சம்பந்தமாக 50-க்கு மேற்பட்ட விபத்துகளைக் கமிஷன் விசாரித்தது. அவற்றில் 46 பேர் மாண்டிருந்தனர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை வண்டி கவிழ்ந்ததால் நேர்ந்தவை. அவற்றுள் பல, சமதரையில் அதிக வேகமின்றித் திரும்பும்போதே கவிழ்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. இருக்கை வார் கட்டாமலிருந்தவர்களும் பலர்.

2009-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், சீர்செய்யும் வரை வண்டியை ஓட்ட வேண்டாமென்று சொந்தக்காரர்கள் எச்சரிக்கப்பட்டனர். சீர்செய்யாத வண்டிகளின் விற்பனையும் நிறுத்தி வைக்கப்பட்டது. செய்த திருத்தம் சிறியதே. பின்சக்கரங்களில் இடைவில்லைகள் வைத்து அவற்றின் இடைவெளியை அகலப்படுத்தினர். வண்டி சாயாதிருக்கும் பொருட்டுப் பின்புறத்தில் குறுக்கே பொருத்தப்பட்டிருந்த இரும்புத் தண்டைக் கழற்றினர். அத்தண்டு இருக்கும்போது, திருப்பத்தில் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து, ஓட்டுபவர் நினைத்ததற்கு மேல் வண்டி சட்டென்று திரும்பிவிட ஏதுவாகும். கால் வெளியே நீண்டு நசுங்காதிருக்க அரைக்கதவுகளும், பற்றிக்கொள்ளக் கைப்பிடிகளும் அமைக்கப்பட்டன. ஒரு பட்டறையில் சில மணி நேரத்தில் முடியக்கூடிய இவ்வேலை, சொந்தக்காரர் வண்டியைக் கொண்டுவந்தாலன்றி நடைபெறாது.

தீப்பற்றிய வண்டிகள்

போலாரிஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனியாரின் ஆர்.இஸட்.ஆர். வண்டிகளின் வரலாறு இதனினும் படிப்பினை மிக்கது. 2016-ம் ஆண்டு ஏப்ரலில், 2013 முதல் 2016 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த சுமார் 1,33,000 வண்டிகள் ஓடும்போதே தீப்பற்றக்கூடுமென்று திரும்ப அழைக்கப்பட்டன. அதற்குள் 160-க்கு மேற்பட்ட தீ விபத்துகள் தெரியவந்திருந்தன. வண்டி கவிழ்ந்து தீப்பற்றியதில், உடன் சென்ற 15 வயதுடைய ஒருவர் உயிரிழந்தார். மற்றொரு தீயினால் 10 ஏக்கர் நிலம் எரிந்தது.

கம்பெனியார் இக்குற்றத்தை உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை என்று கமிஷன் குற்றஞ்சாட்டியது. 2018-ம் ஆண்டில் 2 கோடியே 72½ லட்சம் டாலர் அபராதம் செலுத்தக் கம்பெனியார் இசைந்தனர். முதல் சில தீ விபத்துகள் தெரிந்தபோதே அறிவிப்பு வெளிவந்திருப்பின், பின்னர் வெந்தவை பலவும் தப்பியிருக்கக்கூடும். அபராதம் எவ்வளவு பெரிதாயினும், போன உயிரை அது மீட்பதில்லை.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. 2016-ல் திரும்ப அழைத்துச் சீர்செய்யப்பட்ட வண்டிகளிலும் சில மீண்டும் தீப்பற்றுவதாக 2017-ம் ஆண்டு டிசம்பரில் கமிஷனும் கம்பெனியாரும் சேர்ந்து எச்சரித்தனர். ஆகவே, ஒருமுறை பழுது நீக்கியதாகச் சீட்டுக் கிடைத்த மாத்திரத்தில் அசட்டையாக இருத்தல் கூடாது. புகை, பெட்ரோல் வாசனை, மிகு சூடு ஆகியவை தோன்றின் வண்டியை உடனே நிறுத்தி இறங்கிவிட வேண்டும்.

அறிவிப்பு எட்டாத இடம்

காருக்குப் பதிவு உண்டு. அதைக் கொண்டு இன்றைய சொந்தக்காரர் இன்னாரென்று கண்டு கடிதம் அனுப்பலாம். சாலைக்கு வராத வண்டியின் பதிவு இடத்திற்கு இடம் வேறுபடும். முதலில் வாங்கியவர் விலாசம் கம்பெனியாரிடம் இருக்கலாம். அவர் அதை அண்டை வீட்டாருக்கு விற்றுவிட்டால் அறிவிப்பு பழைய விலாசத்திற்கே போய்ச் சேரும். இரண்டாங்கையாக வாங்கியவர் அபாயத்தை அறியாமலே ஓட்டிக்கொண்டிருப்பார். ரீகால் முறையின் பெருங்குறை இதுவே. பத்திரிகையில் அறிவிப்பு வெளியானவுடன் வண்டி பத்திரமாகிவிடுவதில்லை. அதற்குரிய திருத்தம் அந்த ஒரு வண்டியில் செய்யப்பட்டால்தான் பத்திரமாகும்.

நம் நாட்டு விவசாயிகள் அறிய வேண்டியது

இந்தியாவிலும் இதற்குச் சட்டம் உண்டு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவின்படி, குற்றமுள்ள மோட்டார் வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி உற்பத்தியாளருக்கு மத்திய அரசு கட்டளையிடலாம். அபாயகரமான பொருள்களைத் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரத்தை, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு அளித்துள்ளது. ஆனால் கிராமங்களில் யந்திரங்கள் கைமாறுவது வாய்ப்பேச்சிலேயே நடப்பதால், மேற்கூறிய குறை இங்கும் உண்டு. ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. யந்திரம் வாங்கியவுடன் அதன் மாதிரிப் பெயர், செய்த ஆண்டு, சாசி நெம்பர், இஞ்சின் நெம்பர் ஆகியவற்றை வீட்டுக் கணக்கில் எழுதி வைக்க வேண்டும். எந்த வண்டி குற்றமுள்ளது என்பதை இந்த நெம்பர்களைக் கொண்டே காண இயலும்.

2. இரண்டாங்கையாக வாங்குவோர், பழைய ரசீதுகளைக் கேட்டுப் பெறுவதோடு, அந்த மாதிரி திரும்ப அழைக்கப்பட்டதா, திருத்தம் செய்யப்பட்டதா என்று விற்பனை ஏஜெண்டிடம் நெம்பரைக் காட்டி விசாரிக்க வேண்டும். தம் பெயரையும் விலாசத்தையும் அவரிடம் பதியச் செய்தல் அவசியம்.

3. ஓட்ட வேண்டாமென்று அறிவிப்பு வந்தால், அறுவடை நாளாயினும் ஓட்டலாகாது. அவ்வண்டியைக் கூலியாட்களிடமோ சிறுவரிடமோ கொடுப்பதும் தகாது.

4. உள்ளூர்ப் பட்டறையில் தோன்றியபடி மாற்றம் செய்யாமல், கம்பெனியார் குறித்த திருத்தத்தையே செய்வித்து, செய்ததற்கு எழுத்து மூலமான சீட்டுப் பெற வேண்டும்.

5. யந்திரத்தில் காரணமின்றித் தீயோ உடைப்போ நேர்ந்தால், அதைத் தலைவிதி என்று விட்டுவிடாமல், தேதியும் விவரமும் குறித்துக் கம்பெனியாருக்கு எழுத வேண்டும். பலர் எழுதினால்தான் அது ஒரு வண்டியின் பழுதன்று, அமைப்பின் குற்றம் என்பது புலப்படும்.

6. கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் கிராமத்திலுள்ள டிராக்டர் முதலிய யந்திரங்களையும் அவற்றின் இன்றைய சொந்தக்காரர்களையும் ஒரு ஜாபிதாவாக எழுதி வைத்திருப்பின், அறிவிப்பு வெளிவரும்போது உரியவருக்கு ஒரே நாளில் தெரிவிக்கலாம்.

கம்பெனியார் காலத்தில் தெரிவிப்பதும், அரசாங்கம் கண்காணிப்பதும் அவரவர் கடமை. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசெல்வது சொந்தக்காரர் கடமை. இம்மூன்றில் எது தவறினும் ஏனைய இரண்டும் வீணாகும். விவசாயிகள் தம் பங்கைத் தவறாது செய்து, தம்மையும் தம்மிடம் வேலை செய்வோரையும் காத்துக்கொள்வார்களாக.