ஜப்பானின் பழைய ‘மான்ஷன்’ வீடுகள்: விலை குறைவு, வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

டோக்கியோவில் 40, 50 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளில், உட்புறம் முழுவதும் புதுப்பிக்கப்பட்ட வீடுகள், புதிய வீடுகளை விடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. புதிய தரை, புதிய சமையலறை, வெள்ளைச் சுவர்கள் என அவை ஈர்த்தாலும், வாங்குபவர் மதிப்பிட வேண்டியது அந்தச் சுவர்களுக்கு அப்பால் உள்ள கட்டடத்தையும் அதன் கணக்குகளையும்தான்.

கான்கிரீட் அடுக்குமாடிக் கட்டடத்தை ஜப்பானியர்கள் ‘மான்ஷன்’ என்கின்றனர். (சென்னை திருவல்லிக்கேணியின் ‘மேன்சன்’ முற்றிலும் வேறு.) அந்நாட்டில் 40 ஆண்டுகளைக் கடந்த மான்ஷன் வீடுகளின் எண்ணிக்கை 2023 இறுதியில் சுமார் 13.7 லட்சம்.

முதலில் பார்க்க வேண்டியது நிலநடுக்கத்தைத் தாங்கும் திறன். மியாகியில் 1978-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பின் கடுமையாக்கப்பட்ட கட்டட விதிகள் 1981 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தன. கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு அல்ல, கட்டட அனுமதி பெற்ற தேதியே இங்கு அளவுகோல். எனவே, 1982 அல்லது 1983-இல் நிறைவடைந்த பெரிய கட்டடமும் பழைய விதிகளின்படி கட்டப்பட்டிருக்கலாம். அத்தகைய கட்டடங்களில் நிலநடுக்கப் பாதுகாப்பு ஆய்வும் வலுவூட்டும் பணியும் நடந்துள்ளனவா என்று கேட்பது அவசியம். பழைய விதிக் கட்டடங்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினமாகலாம்.

அடுத்தது பராமரிப்பு நிதி. உரிமையாளர்கள் மாதந்தோறும் நிர்வாகக் கட்டணத்துடன் பழுதுபார்ப்புச் சேமிப்புத் தொகையும் செலுத்துகின்றனர். ஏறத்தாழ 12 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிச்சுவர், மொட்டைமாடியின் நீர்க்கசிவுத் தடுப்பு உள்ளிட்ட பெரும் பணிகள் இந்த நிதியில் நடைபெறுகின்றன. புதிய வீடுகளை எளிதில் விற்பதற்காகத் தொடக்கத்தில் இத்தொகையைக் குறைவாக வைத்துப் பின்னர் படிப்படியாக உயர்த்துவது அங்கு வழக்கம். ஆகவே பழைய கட்டடத்தில் மாதக் கட்டணம் மிகக் குறைவாக இருந்தால், அது சலுகை அல்ல, எச்சரிக்கை.

முந்தைய உரிமையாளர் வைத்த நிலுவையைச் சட்டப்படி புதிய உரிமையாளரிடமும் வசூலிக்க முடியும். சேமிப்பு நிதியின் இருப்பு, நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டம், உரிமையாளர் சங்கப் பொதுக்குழுவின் கடந்த சில ஆண்டு நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். நீர்க்கசிவுப் புகாரும் அண்டை வீட்டார் பூசலும் விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. அந்தக் குறிப்புகளில் இடம்பெறுகின்றன.

சில பழைய கட்டடங்களில் கழிவுநீர்க் குழாய்கள் கீழ்வீட்டின் கூரைக்குள் செல்கின்றன. உள்ளே எவ்வளவு புதுப்பித்தாலும் அவற்றை மாற்றக் கீழ்வீட்டாரின் ஒத்துழைப்பு தேவை. ஜன்னல் சட்டங்களும் பொதுவாகப் பொதுச் சொத்தாகவே கருதப்படுகின்றன.

‘விரைவில் இடித்துக் கட்டுவார்கள், புதிய வீடு கிடைக்கும்’ என்ற நம்பிக்கையில் வாங்குவோரும் உண்டு. ஆனால், இடித்துக் கட்டுவதற்கு ஐந்தில் நான்கு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் தேவை. 2025-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், நிலநடுக்கத்தைத் தாங்கும் திறன் குறைந்த கட்டடங்கள் உள்ளிட்டவற்றுக்கு 2026 ஏப்ரல் முதல் இதை நான்கில் மூன்று பங்காகத் தளர்த்தியது. ஒப்புதல் கிடைத்தாலும் செலவில் பெரும்பகுதி உரிமையாளர்கள் மீதே விழக்கூடும்.

டோக்கியோவின் நாகாகின் கேப்சூல் கோபுரம் இதற்கு அறியப்பட்ட சான்று. கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைப்பில் 1972-இல் எழுந்த அக்கட்டடத்தில் 140 கேப்சூல் அறைகள் இருந்தன. அதை இடித்துப் புதிதாகக் கட்ட 2007-இல் உரிமையாளர்கள் வாக்களித்தும் திட்டம் நிறைவேறவில்லை. இடையில் வெந்நீர் வசதியும் நின்றது. உலகப் புகழ் பெற்றிருந்தும், 2022-இல் அது இடிக்கப்பட்டது.

முதலீடாக வாங்குவோர், விளம்பரத்தில் காட்டப்படும் வாடகை வருவாய் விகிதத்தை அப்படியே ஏற்க இயலாது. மாதக் கட்டணங்கள், சொத்து வரி, வீடு காலியாக இருக்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சுவதே வருவாய். நிலம் குத்தகையா, சொந்தமா என்பதும் முக்கியம். விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அது குத்தகை நிலமாக இருக்கக்கூடும்.

வெளிநாட்டவர் வீடு வாங்க ஜப்பானில் பொதுவான தடை இல்லை. இந்தியாவில் வசிப்போர், ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை இதற்காக அனுப்பலாம். எனினும், வீடு வாங்குவதால் மட்டும் ஜப்பானில் தங்கி வாழ்வதற்கான விசா கிடைப்பதில்லை.