பொருந்தாத குழாய்களால் பயனில்லை

தீ விபத்து பற்றிய செய்தி வெளியாகும் போதெல்லாம், எத்தனை தீயணைப்பு வாகனங்கள் வந்தன, எவ்வளவு நேரத்தில் வந்தன என்றே நாம் வினவுகின்றோம். அவ்வாகனங்களிலிருந்து நீரைத் தீயிடம் கொண்டு சேர்க்கும் குழாய்களைப் பற்றி எவரும் வினவுவதில்லை. ஆயினும், வந்து சேர்ந்த வாகனங்கள் செயலிழந்து நிற்பதற்கு அக்குழாய்களே காரணமாக அமைந்ததும் உண்டு.

1904 பெப்ரவரி 7 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் களஞ்சியக் கட்டடமொன்றில் தீ மூண்டது. வோஷிங்டன், பிலடெல்பியா, நியூயோர்க் முதலிய நகரங்களிலிருந்து இயந்திரங்களும் வீரர்களும் ரயிலில் விரைந்தனர். ஆனால் வெளியூர்களிலிருந்து வந்த குழாய்கள் பல, பால்டிமோரின் வீதியோர ஹைட்ரன்ட்களில் பொருந்தவில்லை. ஒவ்வொரு நகரமும் தன் விருப்பப்படி வெவ்வேறு அளவில் இணைப்புகளின் புரிகளை அமைத்திருந்ததே காரணம். முப்பது மணித்தியாலங்கள் எரிந்த அத்தீயில் 1,500 இற்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஆளும் இருந்தனர், நீரும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் பித்தளை வளையமே பொருந்தவில்லை.

தீயணைப்புக் குழாயின் வரலாறு 17 ஆம் நூற்றாண்டின் அம்ஸ்டர்டாம் நகரில் தொடங்குகின்றது. அங்கு வாழ்ந்த ஓவியர் யான் வன் டெர் ஹெய்டன், தம் சகோதரருடன் இணைந்து 1670 களில் தோற்குழாயை உருவாக்கினார். அதுவரை தொலைவில் நின்று இயந்திரத்தால் நீரை வீசியவர்கள், அதன் பின்னரே எரியும் கட்டடத்தினுள் நீரைக் கொண்டு சென்று தீயின் மூலத்தைத் தாக்க முடிந்தது.

இன்றைய குழாய்கள் உள்ளே இறப்பர் பூசப்பட்டு, வெளியே செயற்கை இழைகளால் நெய்யப்பட்டவை. வெறுமையாக இருக்கும்போது தட்டையாகச் சுருட்டி எளிதில் தூக்கிச் செல்லலாம். நீர் நிறைந்த பின்னரோ நிலைமை வேறு. 65 மில்லிமீற்றர் விட்டமும் 15 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு துண்டில் நிறையும் நீரின் எடை மாத்திரம் ஏறத்தாழ 50 கிலோகிராம். ஆகையாலேயே நீரைத் திறப்பதற்கு முன்னரே குழாயை மடிப்பின்றி விரித்து உரிய இடத்தில் வைக்க வீரர்கள் பயிற்றப்படுகின்றனர். ஒரு மடிப்பு விழுந்தாலும் முனையில் நிற்பவருக்கு நீர் குறைந்துவிடும். பீச்சும் நீர் முனையைப் பின்னோக்கித் தள்ளுவதால், முன்னால் நிற்பவரின் பின்னே மற்றொருவர் நின்று தாங்குவார். முனையைச் சடுதியாக மூடுவதும் ஆகாது. ஓடிவரும் நீர் தடைப்பட்டு எழும் அதிர்ச்சி குழாயையே வெடிக்கச் செய்யக்கூடும்.

தீ அணைந்த பின்னரும் கடமை முடிவதில்லை. குழாய்களைக் கழுவி, உலர்த்தி, உரிய காலத்தில் உயர் அழுத்தத்தில் சோதித்தல் அவசியமாகும். ஈரத்துடன் சுருட்டப்பட்ட குழாயின் பழுது அடுத்த தீயின்போதே வெளிப்படும்.

பால்டிமோர் அழிவின் பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில், அந்நாட்டில் 600 இற்கும் மேற்பட்ட வகை இணைப்புகள் பாவனையில் இருந்தமை தெரியவந்தது. 1905 இல் பொதுத் தரம் வகுக்கப்பட்டது. எனினும் 1991 இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதியில் 25 பேரைப் பலிகொண்ட தீயின்போதும், 3 அங்குல ஹைட்ரன்ட் வாய்களுக்கு முன்னே 2½ அங்குலக் குழாய்களுடன் உதவிப் படையினர் திகைத்து நின்றனர். தரத்தை எழுதுவது வேறு, நிறைவேற்றுவது வேறு.

எமது நாட்டிலும் தீயணைப்புச் சேவைகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளால் தனித்தனியே நடத்தப்படுகின்றன. பெருந்தீயின்போது அயல் சபையின் உதவியை நாடுவது வழக்கம். அவ்வாறு வருவோரின் குழாய் நம் குழாயுடன் இணையுமா என்பதைத் தீயில்லாத ஒரு நாளில், இரு தரப்பினரும் ஒரே இடத்தில் கூடிப் பொருத்திப் பார்த்தாலே போதும். அதற்குப் பெருஞ் செலவு ஏதும் இல்லை. அரைநாள் ஒத்திகையே தேவை. இதனைப் பொறுப்பு வாய்ந்தோர் ஒத்திப்போடலாகாது.