இடிக்க வேண்டாம், ஓடு போடுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போகும் வீதியோரத்திலும், வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதிக்கு அப்பாலும், கூரையில்லாத வீடுகள் இன்னும் நிற்கின்றன. தலைவாசல் இருக்கும், கதவு இருக்காது. விறாந்தைத் தூண்கள் நேராக நிற்கும், நடு அறைக்குள் வேப்பங்கன்று ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போன வீடுகள் இவை. 2009இல் போர் முடிந்த பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். பலர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் பிள்ளை, பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளின் காசு ஊருக்கு வருகிறது. காசு வந்த காணியில் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது, பழைய வீட்டை இடிக்கும் இயந்திரம். இது தவறான முடிவு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பழமைப் பற்றினால் இதைச் சொல்லவில்லை. தீவகத்தின் கல்லும் காற்றும் தண்ணீரும் சட்டமும் சேர்ந்து, புதிதாகக் கட்டுவதைவிடத் திருத்துவதே மேல் என்ற இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டுவந்து விடுகின்றன.

முதலில் கல்லைப் பார்ப்போம். பூச்சு உதிர்ந்த சுவருக்குக் கிட்டப் போனால், கல்லின் முகத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு குழிகளும், மூளை மடிப்புப் போன்ற வளைந்த வரிகளும் தெரியும். முருகைக்கல் அது. ஒரு காலத்தில் கடலுக்கடியில் பவள உயிர்கள் குடியிருந்த சிற்றறைகளே அந்தக் குழிகள். நெடுந்தீவில் கோட்டையும் இந்தக் கல்தான், சாந்து பூசாமல் வெறுமனே அடுக்கி நிற்கும் காணி மதில்களும் இந்தக் கல்தான். அதே கல்லைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. கூரைக்குப் பனை. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையை அறுத்து வளையும் சிலாகையுமாக்கி, மேலே ஓடு வேய்ந்தார்கள். ஓட்டைத் தவிர்த்தால் வீட்டின் பெரும்பகுதி அந்தத் தீவிலேயே கிடைத்தது. இன்று அந்தக் கல்லைப் புதிதாக எடுக்க வழியில்லை. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதைத் தடைசெய்துவிட்டது. அது வேண்டிய தடைதான், பவளப் பாறை போனால் கரையும் போகும். ஆனால் அதன் பொருள் என்னவென்றால், நிற்கும் ஒவ்வொரு பழைய சுவரும் இனி எவராலும் வாங்க முடியாத ஒரு பொருளின் இருப்பு. அதை உடைத்துப் பள்ளம் நிரப்புகிறோம்.

அடுத்தது உப்பு. தீவகத்தில் எந்த வீடும் கடலுக்குத் தூரமில்லை. கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை உப்புக் காற்று மெல்லத் தேடிப் போகும். கம்பி துருவேறினால் பருக்கும், பருத்தால் கொங்கிறீற்று வெடிக்கும். கம்பிக்கு மேல் போதிய தடிப்பில்லாமல் அவசரத்தில் போட்ட தளத்தில் இது விரைவாகவே தொடங்கிவிடும். கலவைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். கிணறுகள் பல உவர்ந்து கிடக்க, குடிக்கவே நல்ல தண்ணீர் தேடும் ஊர்களில், கலவைக்கு எந்தத் தண்ணீர் போகும் என்று சொல்லத் தேவையில்லை. முருகைக்கல் சுவருக்குள் கம்பி கிடையாது, ஆகவே துருவும் கிடையாது. சுண்ணாம்பு ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் வெந்து, தண்ணீரில் நீறி, சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. அந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். பழைய சுவரைத் திருத்துகிறோம் என்று அதன்மேல் சீமெந்து பூசுபவர்கள் இங்கேதான் பிழைவிடுகிறார்கள். சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தோடு உப்பும் கிடந்து பூத்து, சில மாரிகளில் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும். உடனே, “பழைய சுவர், இனி நிற்காது” என்று தீர்ப்பு வந்துவிடும். சுவர் நின்றிருக்கும். அதற்கு ஒவ்வாத பூச்சைப் பூசியதுதான் பிழை.

இந்த வீடுகள் விழும் வழியும் கவனிக்க வேண்டியது. சுவர் தானாக விழுவது அரிது. முதலில் பத்து ஓடு சரியும், அல்லது ஒரு பனங்காய் விழுந்து உடையும். ஒழுகும் இடத்தில் சிலாகை நனைந்து உக்கும், கறையான் ஏறும். ஒரு வளை முறிய அந்தப் பக்கக் கூரை முழுவதும் இறங்கும். அதன்பிறகே மழை நேராகச் சுவரின் தலையில் விழுந்து, கற்களுக்கிடையிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகும். காகம் போட்ட விதையில் ஆலங்கன்று முளைப்பதும் அந்தப் பிளவில்தான். பத்து ஓட்டின் செலவில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம், சில வருடங்களில் ஒரு வீட்டின் விலையாகிவிடுகிறது. ஆகவே கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறது என்றால் அதைக் கூரைக்குப் போடுங்கள். நிலத்துக்கு மாபிளும் வாசலுக்கு வர்ணமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகக் கட்டுவதுதான் மலிவு, பழைய வேலை தெரிந்த மேசன்மார் இல்லை என்பது வழக்கமான மறுப்பு. ஆள் குறைவு என்பது மெய். மலிவு என்பதற்குக் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2012இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டம், புதிதாகக் கட்டுபவருக்கு 5,50,000 ரூபாயும், சேதமான வீட்டைத் திருத்துபவருக்கு 2,50,000 ரூபாயும் கொடுத்தது. திருத்த வேலை பாதிச் செலவுக்கும் குறைவு என்பது அந்தத் திட்டத்தின் கணிப்பிலேயே இருந்தது. நெடுந்தீவையோ நயினாதீவையோ எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் கூடும். 50 கிலோ சீமெந்துப் பை ஒவ்வொன்றும் லொறியில் குறிகட்டுவானுக்கு வந்து, இறங்கி, படகில் ஏறி, நெடுந்தீவென்றால் ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் போய், மறுபடி இறங்கி, உழவு இயந்திரத்தில் ஏற வேண்டும். கம்பியும் கருங்கல்லும் அப்படியே. நிற்கும் சுவருக்கு ஏற்றுகூலி கிடையாது. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது, இந்த வெயிலுக்கும் உப்புக்கும் அது பொருந்தாது, உள்ளூர்த் தொழிலாளருக்கு அதில் வேலையும் இல்லை என்று எதிர்த்த குரல்கள் நியாயமானவை. அதே நியாயம் நம் கைக்காசில் எழுப்பும் வீட்டுக்கும் உண்டு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நடுவில் திறந்த முற்றமுள்ள நாற்சார் வீடு யாருடைய வீடு? நிலமும் சாதியும் உள்ளவர்களுடையது. யார் முற்றம் வரை வரலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்று அளந்து கட்டிய வீடு. அதை ஏன் காக்க வேண்டும்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பாரம்பரியம் பேசுவது நேர்மையல்ல. அந்த அளவுகோலைக் காக்க வேண்டும் என்று இங்கே வாதிடவில்லை. திறந்த முற்றம் காற்றைத் தரும், மாரி மழையைத் தொட்டிக்குச் சேர்க்க இடம் தரும், அதில் இனி எவரும் நிற்கலாம். அதோடு, தீவகத்துப் பழைய வீடுகள் எல்லாம் கொழும்பில் கடை வைத்தவரும் மலாயாப் பென்சன்காரரும் கட்டிய பெரிய வீடுகள் இல்லை. இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக நிற்கும் சிறிய கல்வீடுகளுக்கும் இதே கல், இதே கூரை, இதே மருந்துதான். குசினி இருட்டு, கழிவறை தூரம் என்பவை உண்மையான குறைகள். அவற்றுக்குப் பின்பக்கம் ஒரு பத்தி இறக்கினால் போதும், வீட்டை இடிக்க வேண்டியதில்லை.

ஆனால் உண்மையான தடை வீட்டுச் சுவரில் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் காணி உறுதியில் இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின் கீழ் வந்த குடும்பங்களில் வீடு பெரும்பாலும் மகளின் சீதனம். அவளுக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பங்கு, பிறகு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கின் பங்கு. ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் கொழும்பில். பிரிக்காத பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால், 1947ஆம் ஆண்டு முந்துரிமைச் சட்டப்படி முதலில் பங்காளிகளைக் கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும், அதற்குள் கூரை போய்விடும். போர்க்காலத்தில் உரிமையைக் கோர முடியாமற்போனவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் ஒரு சட்டம் வந்தது. அதன் நோக்கம் காணியைப் பிறர் எடுப்பதிலிருந்து காப்பது மட்டுமே. பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு எந்தச் சட்டத்திலும் மருந்து இல்லை. ‘நான் ஓடு மாற்றினால் அவன் வந்து உரிமை கேட்பான்’ என்ற பயத்தில் இருவருமே மாற்றுவதில்லை. பங்கு யாருக்கு என்ற வழக்கையும் வீட்டைக் காக்கும் வேலையையும் பிரித்து வைக்கலாம். பங்காளிகள் எல்லோரும் ஊரில் இருக்கும் ஒருவருக்குத் திருத்த வேலைக்கு மட்டும் என்று எல்லை கட்டி நொத்தாரிசு மூலம் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்து, செலவைப் பங்குக் கணக்கில் பதிந்து வைத்தால், உறுதி பிரியும்வரை வீடு நிற்கும்.

இது நடக்காத காரியமும் அல்ல. புதுச்சேரி வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாகச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தமிழ் வீடுகளின் முகப்புகளை இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பும் அரசும் வீட்டுக்காரரும் சேர்ந்து திருத்தினார்கள், 2008இல் யுனெஸ்கோ விருது வந்தது. இங்கிலாந்தில் லிவர்பூலின் கிரான்பி பகுதியில் 1981 கலவரத்துக்குப் பின் கைவிடப்பட்டுப் பலகை அடித்துக் கிடந்த தொடர்வீடுகளை, இடிக்க விடாமல் காத்து நின்ற குடியிருப்பாளர்கள் காணி அறக்கட்டளை ஒன்று அமைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். அவர்களோடு வேலை செய்த அசெம்பிள் என்ற கட்டடக்கலைக் குழுவுக்கு 2015இல் டர்னர் பரிசு கிடைத்தது. எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. காலிக் கோட்டைக்குள் வீடுகள் அழகாகத் திருந்தின, ஆனால் பல வெளியாருக்கு விலைப்பட்டு விடுதிகளாகின. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் சுற்றுலாப் படகுகள் நிறைந்து போகும் இந்தக் காலத்தில் அந்த ஆபத்து நமக்கும் தொலைவில் இல்லை. திருத்திய வீட்டில் ஊர் ஆட்கள் இருக்க வேண்டும். காணியில்லாத குடும்பங்களும் வெளியூரிலிருந்து படிப்பிக்க வரும் ஆசிரியர்களும் தீவகத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். ஆள் புழங்கும் வீட்டில் ஓடு சரிந்தால் அன்றைக்கே தெரியும்.

வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபைகள் பழைய வீடுகளைக் கணக்கெடுக்க வேண்டும். இடிந்த வீட்டுக் கற்களை விற்று அழிக்காமல் அயல்வீட்டைத் திருத்த எடுத்துவைக்க ஒழுங்கு செய்ய வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே இளைஞர்களை அவர்களோடு வேலைக்கு விட வேண்டும். அதற்கெல்லாம் காலம் பிடிக்கலாம். வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் பங்காளி செய்ய வேண்டியது சிறியது: ஐப்பசி மழைக்கு முன்னம் ஊரிலுள்ள சகோதரத்துக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். “என் பங்கைப் பிறகு பேசுவோம், முதலில் ஓட்டை மாற்று” என்று சொல்லுங்கள்.