கொள்ளிடக் கரையில் ஒரு ராத்தங்கல்!

பாதயாத்திரை போய்விட்டு ஊர் திரும்பியவரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "எத்தனை நாள் நடந்தீங்க? எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். "ராத்திரி எங்கே தங்கினீங்க? குளிக்க, துணி மாத்த இடம் இருந்துச்சா?" என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால், பல நாள் நீளும் ஒரு நடை நல்லபடியாக முடிவதும் பாதியில் நின்றுபோவதும் பெரும்பாலும் தங்குமிடத்தில்தான் முடிவாகிறது. கால் கொப்புளத்துக்கு மருந்து போடுவது அங்கேதான். தண்ணீர், தூக்கம், கழிப்பறை எல்லாம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அங்கேதான்.

அப்படி ஒரு தங்கலைப் பற்றி யோசிக்க ஏலாக்குறிச்சியைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. அரியலூர் மாவட்டத்தில் திருமானூருக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் இருக்கும் சிற்றூர் இது. இங்கே இருப்பது அடைக்கல மாதா திருத்தலம். அடைக்கலம் என்றால் என்ன என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடி வந்தவரையும் ஓய்ந்து வந்தவரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் இடம் அது.

ஆற்றுக்கு முன் கடைசி ஊர்கள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் தெற்கே நடந்து வருபவருக்கு இந்தப் பாதையின் குணம் தெரியும். சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகளும் சுரங்கங்களும் நிறைந்த மாவட்டம். சாலையில் லாரிப் போக்குவரத்துக்கும் புழுதிக்கும் குறைவில்லை. வெயில் காலத்தில் தார்ச்சாலை கொதிக்கும். கொள்ளிடத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் திருவையாறு, வாய்க்கால், வயல், தென்னை என்று காட்சி மாறிவிடும். வறண்ட நிலமும் டெல்டாவும் சந்திக்கும் விளிம்பில் இருக்கின்றன இந்த ஆற்றங்கரை ஊர்கள்.

கொள்ளிடம் காவிரியின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆறு. பாலங்கள் வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளம் வந்துவிட்டால் கரையில் காத்திருப்பதைத் தவிர நடந்து வந்தவருக்கு வேறு வழி கிடையாது. ஆற்றங்கரை ஊர்களில் தங்குவது விருப்பத்தினால் மட்டுமல்ல, ஆறு இட்ட கட்டளையாலும்தான்.

நிழலுக்கு வாடகை உண்டா?

ஏலாக்குறிச்சியைச் சொன்னால் வீரமாமுனிவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710-ல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி ஜோசப் பெஸ்கி, இந்த ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். இத்தலத்து மாதா மேல் அவர் பாடியதுதான் 'திருக்காவலூர்க் கலம்பகம்'. அரியலூரை ஆண்ட மழவராயருக்கு வந்த ராஜபிளவை இங்கே குணமானதாகவும், அந்த நன்றிக்கு அவர் நிலம் கொடுத்ததாகவும் தல வரலாறு சொல்கிறது.

வீரமாமுனிவரின் பெருங்காப்பியமான 'தேம்பாவணி'யின் நாயகன் சூசையப்பர். மனைவியையும் பச்சைக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பிப் போன குடும்பத்தலைவர் அவர். பெத்லகேமில் அந்தக் குடும்பத்துக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்காமல் போன கதை உலகுக்கே தெரியும்.

அவரே எழுதிய 'பரமார்த்த குரு கதை'யோ சிரிக்கச் சிரிக்க நடைப்பயணம் பேசுகிறது. ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அது தூங்கும்வரை சோலையில் காத்திருக்கும் சீடர்களை நாம் பள்ளிக்கூடத்திலேயே சந்தித்திருக்கிறோம்.

அதே புத்தகத்தில் இன்னொரு கதை. குருவுக்காகச் சீடர்கள் ஒரு மாட்டை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். வழியில் மரமே இல்லை. வெயில் தாளாமல் குரு சுருண்டுவிட, மாட்டை நிறுத்தி அதன் நிழலில் அவரைப் படுக்க வைக்கிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் மாட்டுக்காரன், "ஏறி வந்ததற்குத்தான் பேசிய வாடகை. நிழலில் படுத்ததற்குத் தனியாகக் கொடு" என்கிறான். வழக்கு ஊர்ப் பெரியவரிடம் போகிறது. அவர் தன் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். ஒரு சத்திரத்தில் குழம்பின் வாசனையைப் பிடித்துக்கொண்டு சோறு சாப்பிட்டவனிடம் காசு கேட்டார்களாம். குழம்பின் வாசனைக்குக் காசின் வாசனையே கூலி என்று தீர்ப்பானதாம். அப்படியானால் மாட்டின் நிழலுக்கு? காசின் நிழல்தான்!

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசித்தால், கதைக்குள் ஒரு நியாயம் தெரிகிறது. களைத்துப் போனவன் ஒதுங்கும் நிழலுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது நம் ஊர்களில் வெகு காலமாக இருக்கும் எண்ணம்.

நள்ளிரவில் அடித்த மணி

ஆற்றுக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் ராஜ்ஜியத்தில் இந்த எண்ணம் கட்டடமாகவே நின்றது. ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி காலத்தது.

ராஜ்ஜிய நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனபோது, சத்திரங்களுக்கான மானியத்தில் கை வைத்துவிடக் கூடாது என்று 1801-ல் சரபோஜி ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லா ஜாதி வழிப்போக்கர்களுக்கும் அங்கே சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடிப்பார்கள். அதுவரை சாப்பிடாமல் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். உடம்புக்கு முடியாமல் போனவருக்கு வைத்தியர், மருந்து, பத்தியச் சாப்பாடு என எல்லாம் குணமாகும்வரை கிடைக்கும். வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பதுடன், குழந்தை பிறந்த பின் மூன்று மாதம் வரை தங்கவும் அனுமதி உண்டு. இவையெல்லாம் அந்தக் கடிதத்தில் உள்ள விவரங்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய தங்குமிடத்தில், நடக்க முடியாமல் போனவருக்கும் பெண்களுக்கும் தனியாக யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இன்றைய தங்குமிடங்களில் அது இருக்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றிச் சுமார் 1,200 கிலோமீட்டர் நடக்கும் யாத்திரிகர்களுக்கு ஊர்க்காரர்கள் பழமோ, தேநீரோ கொடுப்பார்கள். அதை மறுக்கக் கூடாது என்பது மரபு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் சுமார் 3,500 கிலோமீட்டர் நடப்பவர்கள், இடையில் ஊருக்குள் வந்து ஒரு நாள் முழுக்கத் தங்குவார்கள். அன்று நடந்த தூரம் பூஜ்யம் என்பதால் அதற்கு 'சீரோ டே' என்று பெயர். நடை போனது வீண் என்று யாரும் நினைப்பதில்லை. திட்டம் போடும்போதே அந்த நாளையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

உடம்பு கேட்கும் ஓய்வு

பழக்கமில்லாத நடையால் வரும் தசைவலி உடனே உச்சத்துக்குப் போகாது. ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள்தான் கூடும். முதல் நாள் உற்சாகத்தில் முப்பது கிலோமீட்டர் நடந்தவர் மூன்றாம் நாள் காலை எழுந்திருக்கவே சிரமப்படுவது இதனால்தான். அப்போது வைராக்கியமாக நடப்பதைவிட அரை நாள் கூடுதலாகத் தங்குவது மேல்.

தங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை:

• முதலில் காலைப் பாருங்கள். வியர்வை ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்தால்தான் கொப்புளம். காலைக் கழுவி, விரல் இடுக்குவரை துடைத்து உலர விடுங்கள். ஈரக் காலுறையோடு மறுநாள் கிளம்பாதீர்கள்.

• சின்னக் கொப்புளத்தை உடைக்க வேண்டாம். உடைந்துவிட்டால் மேல்தோலைப் பிய்க்காமல், சுத்தம் செய்து கட்டுப் போடுங்கள்.

• சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் குத்தினாலும் தெரியாது, வெந்நீர் சுட்டாலும் தெரியாது. அதனால் சுடுநீரில் கால் வைக்காதீர்கள். பாதத்தின் அடிப்பக்கத்தை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் இருந்தால், கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கவனிக்காத சின்னப் புண் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

• தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொள்ளுங்கள். மோர், நீராகாரமும் நல்லது.

• படுக்கும்போது காலுக்கடியில் பையை வைத்துக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் வீக்கம் வடியும்.

பெண்கள் தண்ணீர் குடிக்கப் பயப்படலாமா?

பாதயாத்திரை போகும் பெண்கள் வெளியே சொல்லாத ஒரு சங்கடம் உண்டு. வழியில் கழிப்பறை கிடைக்குமோ, கிடைக்காதோ என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் நடப்பார்கள். வெயிலில் இது மயக்கத்தில் முடியும். சிறுநீரை அடக்குவதால் நோய்த்தொற்றும் வரும். மாதவிலக்கு நாளாக இருந்தால் அவஸ்தை இரட்டிப்பு.

அன்னதானப் பந்தல் போடும் நல்ல உள்ளங்களுக்கு ஒரு வேண்டுகோள். வழியில் பத்துப் பந்தல்களில் சாம்பார் சாதம் இருந்தால், அவற்றில் இரண்டாவது சாப்பாட்டுக்குப் பதில் கழிப்பறை, தாழ்ப்பாள் உள்ள குளியலறை, குப்பைக் கூடை, நாப்கின் என்று செலவு செய்யலாமே! பசித்தவருக்குச் சோறு போட்ட அதே புண்ணியம் இதிலும் உண்டு.

பகல் தங்கலுக்கு நிழல் இருப்பதும் முக்கியம். ஒதுங்க இடம் இல்லாவிட்டால் பகலில் சாலையோரம் படுத்துக் கிடந்து, இரவில் நடக்கத் தொடங்குவார்கள். லாரிகள் ஓடும் சாலையில் அது ஆபத்து. நண்பகலில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவோ கல்யாண மண்டபமோ கிடைத்தால், விடியற்காலையிலும் மாலையிலும் வெளிச்சம் இருக்கும்போதே நடந்துவிடலாம். இருட்டில் நடந்தே ஆக வேண்டுமென்றால், வண்டிகள் எதிரே வரும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. விடிந்து கிளம்பும்போது இலை, டம்ளர், பாட்டில்களைப் பொறுக்கிவிட்டுப் போங்கள். ஆற்றில் எதையும் போடாதீர்கள். அடுத்த குழு வரும்போது ஊர்க்காரர் முகம் சுளிக்காமல் கதவைத் திறக்க வேண்டுமல்லவா!

இந்த வருஷம் உங்கள் வீட்டிலிருந்து யாராவது பழனிக்கோ, சமயபுரத்துக்கோ, வேளாங்கண்ணிக்கோ நடக்கக் கிளம்பினால், எத்தனை நாளில் போய்ச் சேருவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்கல் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ஒரு நாளுக்கு நேராக 'நடை இல்லை, ஓய்வு' என்று எழுதச் சொல்லுங்கள். வயதானவர் கூடப் போகிறார் என்றால் இரண்டு நாளாக எழுதச் சொல்லுங்கள்.