புண்ணும் வடுவும்: சாத்தூர் வட்டாரப் பட்டாசுத் தொழிலாளரின் தீக்காய மறுவாழ்வில் குடும்பத்தின் பங்கு

திறவுச்சொற்கள்: தீக்காயம், இயன்முறை மருத்துவம், தழும்புச் சுருக்கம், உள்நோயாளி மறுவாழ்வு, பட்டாசுத் தொழில், சாத்தூர்

முன்னுரை

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் நாளிதழ்கள் சில நாட்கள் இறந்தோர் எண்ணிக்கையைத் திருத்தி வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பிழைத்தோரைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான் பதிவாகும். அது உடலில் எத்தனை விழுக்காடு வெந்தது என்பதாகும். உயிர் தங்குமா என்பதைக் கணிக்கவும், முதல் நாளில் ஏற்ற வேண்டிய நீர்மத்தின் அளவை அறியவும் உதவும் எண் அது. பிழைத்தவர் எவ்வாறு வாழ்வார் என்பதை அதனால் கூற இயலாது. ஆயினும், அதற்கும் அதுவே அளவுகோலாகக் கொள்ளப்படுவதால் மறுவாழ்வுச் சிகிச்சை எவ்வாறு பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

புண் ஆறுதலும் வடு இறுகுதலும்

தீப்புண் ஆறிவிடும் என்பது தமிழ் மரபில் ஆழமாக வேரூன்றிய எண்ணம். திருக்குறளின் 129-ஆம் பாடல், சுடுசொல்லின் கொடுமையை உணர்த்தத் தீப்புண் ஆறும் என்பதையே ஒப்பீட்டின் அடிப்படையாகக் கொள்கிறது. அப்பாடல் தீயோடு புண்ணையும் நாவோடு வடுவையும் இணைப்பது கருதத்தக்கது. மருத்துவ நோக்கில் தீயும் வடுவையே விட்டுச் செல்கிறது. தோல் மூடிய பிறகுதான் தழும்பு தடித்து, இறுகி, சுருங்கத் தொடங்குகிறது. இம்மாற்றம் பல மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடும். கழுத்து, அக்குள், முழங்கை, விரல் கணுக்கள் முதலிய மடங்கும் இடங்களில் தழும்பு சுருங்கினால் மூட்டே இழுபட்டு நின்றுவிடும். ஒட்டுத்தோல் வைத்த இடமும் இதற்கு விலக்கன்று.

எனவே, குடும்பத்தார் ‘புண் ஆறிவிட்டது’ என்று நிம்மதி கொள்ளும் நாளும், இயன்முறை மருத்துவரின் பணி மிகத் தேவைப்படும் காலத்தின் தொடக்கமும் ஒன்றாகவே அமைகின்றன. இம்முரணை உணர்த்தாமல் கூறப்படும் எந்த அறிவுரையும் வீட்டில் நிலைப்பதில்லை.

அன்பும் தலையணையும்

நோயாளிக்குச் சுகமாக இருக்கும் கிடையே பெரும்பாலும் சுருக்கத்திற்கு வழிவகுக்கும் கிடையாகும். கழுத்து வெந்தவர் தலையைத் தாழ்த்திக்கொள்ள விரும்புவார். கை வெந்தவர் முழங்கையை மடக்கி மார்போடு அணைத்துக்கொள்வார். உடனிருக்கும் தாயோ மனைவியோ தலைக்குத் தலையணை வைப்பது இயல்பான பரிவு. ஆனால், கழுத்தின் முன்புறம் வெந்தவருக்குத் தலையணை கூடாது. அக்குள் வெந்தவரின் கை பக்கவாட்டில் விலகியே இருத்தல் வேண்டும். புறங்கை வெந்தால் மணிக்கட்டைச் சற்று மேல்நோக்கியும், விரல்களின் அடிமூட்டை மடக்கியும், விரல்களை நீட்டியும் ஸ்பிளிண்ட் கட்டப்படுகிறது. உறங்கும்போது அதனை அவிழ்த்துவிடுமாறு நோயாளி கெஞ்சுவார். அவிழ்ப்பவரும் மறுப்பவரும் குடும்பத்தாரே. வலியில் அலறுபவரின் விரலை நீட்டி மடக்கும் கையும் அவர்களுடையதே. மருத்துவ ஏடுகள் ‘ஒத்துழையாமை’ எனச் சுருக்கமாகக் குறிப்பது பல வீடுகளில் இரக்கத்தின் மறுபெயர் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

அழுத்த ஆடையின் நிலையும் இத்தகையதே. குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும், ஓராண்டோ அதற்கு மேலோ அதனை அணிய வேண்டும். ஆழமாக வெந்த தோலில் வியர்வைச் சுரப்பிகள் எஞ்சுவதில்லை, அரிப்போ ஓயாது. கந்தக பூமி என வழங்கும் இவ்வட்டாரத்துக் கோடையில், தகரக் கூரையின் கீழ் அதனை அணிந்திருப்பது எளிதன்று.

விழுக்காடு என்னும் அளவுகோல்

விரல்களுடன் சேர்ந்த உள்ளங்கையின் பரப்பு உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு. சரவெடி பின்னுதல், திரி செருகுதல், குழாய் உருட்டுதல் ஆகிய அனைத்தும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கூடுவதை நம்பியவை. எண்ணிக்கைக் கூலி பெறுவோருக்கு விரலின் வேகமே வருமானம். முதுகில் 15 விழுக்காடு வெந்தவர் வேலைக்குத் திரும்பலாம். இரு கைகளில் 4 விழுக்காடு வெந்தவர் திரும்ப இயலாமற் போகலாம்.

அச்சங்குளம் விபத்தைத் தாமாக முன்வந்து விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தோர் குடும்பத்திற்கு 20 லட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. காயமுற்றோர்க்குரிய தொகையைத் தீக்காய விழுக்காட்டின் படிநிலையில் வகுத்தது. விரைந்த நிவாரணத்திற்கு இது பொருந்தும். இழந்த உழைப்பை அளக்கப் பொருந்தாது. இதனினும் மிகப் பழையதும் 2025 வரை நடப்பில் இருந்ததுமான 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இவ்வகையில் கூர்மையாக இருந்தது. அது ஈட்டும் திறனின் இழப்பை அளவாகக் கொண்டு, கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடாக மதித்தது. ஓர் உறுப்பின் பயன் முழுமையாகவும் நிரந்தரமாகவும் அற்றுப்போனால், அவ்வுறுப்பையே இழந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சுக்கு ஆளானோரைத் தனியே குறிப்பிடுகிறது. தீயில் வெந்தோர் அவ்வாறு தனிப்பிரிவாகக் குறிக்கப்படவில்லை. அவர்கள் இயக்கக் குறைபாட்டைச் சான்றுகாட்டியே உரிமை பெற வேண்டியுள்ளது.

படுக்கைக்கும் வீட்டிற்கும் இடையே

தீக்காயப் பிரிவின் படுக்கை புண்ணுக்கு உரியது. தோல் மூடியதும் அது அடுத்தவருக்குச் செல்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் வேறொரு முறையைக் காட்டியது. 1954-இல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் அதன் முன்னோடி. அங்கு நோயாளியுடன் உறவினரும் தங்கிப் பராமரிப்பைக் கற்றுக்கொள்கின்றனர். முதுகுத்தண்டுக் காயத்தில் நிலைபெற்ற அம்முறை தீக்காயத்திற்குப் பரவலாகவில்லை. சாத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கி.மீ. வாரம் மும்முறை சென்றுவர வேண்டுமெனில், நோயாளியின் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்க இடந்தருகிறது. தீக்காயத் தழும்பைக் கையாளும் தனிப்பயிற்சி அப்பணியாளர்க்கு அளிக்கப்படின், இப்பயணத்தின் பெரும்பகுதி தவிர்க்கப்படும்.

செலவில்லாத மற்றொரு செயலும் உண்டு. வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பில், தீக்காய விழுக்காட்டை அடுத்து ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை மடங்கி நீள்கிறது என்பதையும் கோணமானியால் அளந்து எழுதலாம். ஓராண்டு கழித்து இழப்பீட்டு ஆணையர் முன்னோ, மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான மருத்துவக் குழு முன்னோ நிற்கும் தொழிலாளி, விறைத்த விரலோடு அந்தத் தாளையும் காட்ட முடியும்.