பல்லும் சொல்லும் – 7: வலி நின்ற இரவு

ஏழெட்டு வயதில் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது அப்பாயி செய்த வைத்தியம் இது. காய்ந்த கண்டங்கத்திரிப் பழங்களைத் தணலில் போட்டாள். மேலே கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, அதன் கண்ணில் பப்பாளித் தண்டைச் செருகி, மறுமுனையை என் வாயில் வைத்தாள். புகை ஏறியதும் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் ஒழுகியது. தண்ணீர்க் கிண்ணத்தில் துப்பச் சொன்னாள். தட்டையாக, வெளிறிப்போய் நாலைந்து மிதந்தன. “பாத்தியாடா, பூச்சி!” என்றாள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

அவை தணலில் வெடித்துச் சிதறிய விதைகள் என்று புரிய எனக்கு இருபது வருடம் ஆனது. அப்பாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் குரோசாணி ஓம விதையைப் புகைத்து இதையேதான் செய்தார்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே தனக்கு இடம் தரும்படி புழு கடவுளிடம் கேட்டு வாங்கிய கதை பாபிலோனியக் களிமண் பலகையிலேயே இருக்கிறது. 1728-ல் பல் வைத்தியத்துக்கென்றே பெரிய நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார், நுண்ணோக்கியில் தேடியும் தன் கண்ணில் புழு படவில்லை என்றார். பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கர் வில்லோபி மில்லர் 1890-ல் வெளியிட்ட நூலில் விஷயத்தை விளக்கினார். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நாம் தின்னும் சர்க்கரையையும் மாவையும் தின்று அமிலம் கக்குகின்றன. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது.

பல்லின் மேல்தோடான எனாமல், உடம்பிலேயே கெட்டியான பொருள். ஆனால் வாயின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் அதுவும் கரையும். சும்மா விட்டால் எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பூசிவிடும். நாம் சும்மா விட்டால்தானே. எனக்கு ஒரு நாளைக்கு ஏழு டீ, எல்லாம் சர்க்கரை போட்டது. ஒரு டீக்கு வந்த அமிலம் அடங்குவதற்குள் அடுத்த டீ வந்துவிடும். ஏழு டீயின் சர்க்கரையையும் ஒரே வேளையில் தின்றிருந்தால்கூடப் பல்லுக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது.

எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் குழி விழும்போது எதுவும் தெரியாது. எனக்கு முதலில் ஐஸ் தண்ணீர் கூசியது. அந்தப் பக்கம் மெல்வதை நிறுத்திக்கொண்டேன். பிறகு சூடு கூசியது. பிறகு ஒரு வாரம், படுத்தால் போதும், விண் விண் என்று தெறிக்கும். எழுந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். கிராம்புத் தைலம் தொட்ட பஞ்சை அதக்கிக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கினேன். எட்டாம் நாள் ராத்திரி, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி வலி நின்றது. அதன் பிறகு நாலு மாதம், பல்வலி என்று வந்தவர்களுக்கெல்லாம் கிராம்புத் தைலத்தைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதம் அந்தப் பல்லடி ஈறில் ஒரு கொப்புளம் வந்தது. உடையும், மறுபடி வரும். வலி இல்லை.

பல் டாக்டர் முப்பது வயதுப் பெண். எக்ஸ்-ரே எடுத்தார். குளிர வைத்த பஞ்சுருண்டையை நல்ல பல்லில் வைத்தார், துள்ளினேன். சொத்தைப் பல்லில் வைத்தார். ஒன்றுமே தெரியவில்லை. பெருமையாகச் சிரித்தேன்.

“வலி நின்னுச்சுன்னு சொன்னீங்களே சார், பல்லு அன்னைக்கே செத்துப்போச்சு.”

பல்லுக்குள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் இருப்பது நாலு பக்கமும் சுவர் வைத்த அறை. வேறெங்கே அடிபட்டாலும் சதை வீங்க இடம் இருக்கும். இங்கே இல்லை. வீக்கம் நரம்பையே நெரிக்கிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாக ஏறி இன்னும் நெரிக்கிறது. கடைசியில் உள்ளே எல்லாம் அழுகிப்போகும்போது வலியைச் சொல்ல ஆள் இருப்பதில்லை. சீழ் வேர்நுனி வழியே எலும்பைத் துளைத்து ஈறில் வாசல் வைத்துக்கொள்கிறது.

“பிடுங்கிடுங்க டாக்டர்.”

“அது பத்து நிமிஷ வேலை சார். அப்புறம் மேல் பல்லு இறங்கும், பக்கத்துப் பல்லு சாயும். வேர் நல்லா இருக்கு, காப்பாத்தலாம்.”

ரூட் கனால் என்றதும் பயந்தேன். ஊசி குத்தியபோது ஒரு சுருக், அவ்வளவுதான். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டினார். துளைத்த பிறகு, தலைமுடி கனத்தில் அரங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. வேர்நுனியைத் தொட்டதும் ஒரு மீட்டர் கீச்சிட்டது. நடுவில் ப்ளீச்சிங் பவுடர் வாடையோடு மருந்து விட்டுக் கழுவினார். ஒரு பல்லுக்குள் மூன்று கால்வாய்.

இரண்டாம் முறை போனபோது, அந்தக் கால்வாய்களை அடைக்க ஊதுவத்தி முனை போன்ற இளஞ்சிவப்புக் குச்சிகளை எடுத்தார். பெயர் கேட்டேன். கட்டாபெர்ச்சா. மலாய் மண்ணின் ஒரு மரத்துப் பால். 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறை இதுதான். மலாயில் மரப்பாலுக்கு ‘கெத்தா’ என்று பெயர். மலேயாத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் ரப்பரைக் ‘கித்தா’ என்றது அதிலிருந்துதான். ரப்பர் மரம் வேறு, இந்த மரம் வேறு, சொல் ஒன்று. கித்தாக் காட்டில் பால் வெட்டிய சின்னத் தாத்தாவை நினைத்தபடி வாயைப் பிளந்து கிடந்தேன். பிறகு மேலே கேப். குடைந்த பல் கேப் இல்லாமல் முறுக்குக் கடித்தால் பிளந்துவிடுமாம். ஐஸ் தண்ணீர் கூசிய மாதமே வந்திருந்தால் ஒரு ஃபில்லிங்கில் முடிந்திருக்கும் என்றார். ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட்டில் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டுக் கொப்பளிக்காமல் படுக்கச் சொன்னார். அறுபது வருடமாகக் கொப்பளித்த வாய். பழக இரண்டு மாதமானது.

போன மாதம் ஆறு வயதுப் பேத்தியைக் கூட்டிப் போனேன். வரிசையின் கடைசியில் அவளுக்குப் புதிதாக ஒரு பல் எட்டிப் பார்த்தது. எந்தப் பல்லும் விழாமல் முளைத்ததால், பால் பல்தானே, போனால் போகிறது என்றிருந்தாள் மகள். அது சாகும்வரை இருக்க வேண்டிய கடைவாய்ப் பல். டாக்டர் அதன் பள்ளங்களைத் துடைத்து, சீலன்ட் சொட்டு விட்டு, நீல விளக்கைக் காட்டினார். பேத்தி நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாள்.

“அவ்ளோதானா தாத்தா?”

(தொடரும்)