இருக்கைகளை எண்ணுவோர் சாலையையும் எண்ண வேண்டும்

விளையாட்டரங்கம் ஒன்று விரிவாக்கப்படும்போது செய்திகளில் முதலில் இடம்பெறுவது இருக்கைகளின் எண்ணிக்கைதான். புதிய மாடங்கள் எத்தனை, கூரை எவ்வகையது, எத்தனை ஆயிரம் பேர் கூடுதலாக அமரலாம் என்பவையெல்லாம் விரிவாகப் பேசப்படுகின்றன. அவ்வாறு கூடுதலாக வரவிருக்கும் ஒவ்வொருவரும் எந்த வழியாக வருவார், வண்டியை எங்கே நிறுத்துவார், ஆட்டம் முடிந்த நள்ளிரவில் எப்படி வீடு திரும்புவார் என்ற கேள்விகளுக்கு அந்த அளவு கவனம் கிடைப்பதில்லை. அரங்கத்தின் உண்மையான கொள்ளளவை உள்ளே எத்தனை பேர் அமர முடியும் என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை; ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், சுற்றுப்புறத்தாருக்கு இடையூறின்றி, எத்தனை பேரைப் பாதுகாப்பாக வெளியே அனுப்ப முடியும் என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது.

இந்த உண்மையை உணர்ந்துகொள்ள விளையாட்டரங்கம் வரை செல்ல வேண்டியதுகூட இல்லை. சேர்வராயன் மலையில், ஏற்காட்டையும் செம்மநத்தம் போன்ற மலைக்கிராமங்களையும் சேர்ந்த மக்கள் ஒவ்வொரு மே மாதமும் கோடை விழாவின்போது இதைக் கண்கூடாகக் காண்கின்றனர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் மலைப்பாதையை அகலப்படுத்த மலை இடம் கொடுப்பதில்லை; ஏரியையும் அண்ணா பூங்காவையும் சுற்றியுள்ள சிறிய நகரத்தில் ஓரளவுக்கு மேல் வண்டிகளை நிறுத்தவும் இடமில்லை. ஆகவே விழா நாள்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தை மாவட்ட நிர்வாகம் நடைமுறைப்படுத்துவதுண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நிலைமை இன்னும் முற்றியதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வேலைநாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்தில் வருவோருக்கு அந்த வரம்பு பொருந்தவில்லை. மனிதர்களைத் தடுக்காமல் வாகனங்களை மட்டும் கட்டுப்படுத்தும் இந்தக் கொள்கையே விளையாட்டரங்கங்களுக்கும் பொருந்தக்கூடிய அடிப்படையாகும்.

வருகையும் கலைவும்

போட்டி நாள் நெரிசல், அலுவலக நேர நெரிசலிலிருந்து இயல்பிலேயே வேறுபட்டது. அலுவலகம் செல்வோர் நகரின் பல திசைகளுக்கும், இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரவலாகவும் பயணம் செய்கின்றனர். போட்டிக்கு வருவோர் அனைவரும் ஒரே இடத்தை நோக்கி வருகின்றனர். இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு மாலை 4 மணியிலிருந்தே கூட்டம் சேரத் தொடங்குவதால் வருகை ஓரளவு பரவிவிடுகிறது. ஆட்டம் 11 மணிக்குப் பின் முடியும்போதோ அரை மணி நேரத்துக்குள் அரங்கம் முழுவதும் காலியாகிவிடுகிறது. இதைக் ‘கூட்டக் கலைவு’ எனலாம். மூன்றரை மணி நேரத்தில் சிறுகச் சிறுக வந்தவர்கள் முப்பது நிமிடத்தில் ஒருசேர வெளியேறுவதாலும், அந்நேரத்தில் பேருந்துகளும் ரயில்களும் நாளின் கடைசி நடைகளை நெருங்கியிருப்பதாலும், நெருக்கடியின் உச்சம் எப்போதும் கலைவின்போதே நேர்கிறது.

சேப்பாக்கத்தின் நிலை

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு சென்னை சேப்பாக்கத்தின் எம்.ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கம் ஆகும். 1916-இல் தோன்றிய அந்த மைதானம், ஊர் ஏற்கெனவே அடர்ந்து நிறைந்திருந்த பகுதியில் அமைந்தது. ஒருபுறம் வாலாஜா சாலையும், மற்றொருபுறம் பெல்ஸ் சாலை என்று மக்கள் இன்றும் அழைக்கும் பாபு ஜெகஜீவன்ராம் சாலையும், அருகே பக்கிங்காம் கால்வாயும் அதன் மீது செல்லும் பறக்கும் ரயில் தடமும், இவற்றுக்கு அப்பால் திருவல்லிக்கேணியின் குறுகிய தெருக்களும் இருப்பதால், அரங்கத்துக்கு மேல்நோக்கி வளர வழியுண்டே தவிர, பக்கவாட்டில் விரிய இடமில்லை. 2011 உலகக் கோப்பைக்காக எழுப்பப்பட்ட ஐ, ஜே, கே மாடங்கள் சுமார் 12,000 இருக்கைகள் கொண்டவை. கட்டட அனுமதி தொடர்பான பிணக்கினால் அவை 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. பின்னர் மற்றொரு புதுப்பிப்புப் பணி நடந்து, 2023 மார்ச் 17 அன்று கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான புதிய மாடம் திறக்கப்பட்டது. இன்று சுமார் 38,000 பேர் அங்கு அமர்ந்து ஆட்டம் காணலாம். சுற்றியுள்ள சாலைகளின் அகலமோ பழைய அகலந்தான்.

இந்த 38,000 பேரும் நால்வருக்கு ஒரு கார் என்ற கணக்கில் வந்தால் 9,500 கார்கள் தேவைப்படும். ஒரு காரை நிறுத்தவும் திருப்பவும் சுமார் 25 சதுர மீட்டர் இடம் வேண்டும் எனக் கொண்டால், 2,37,500 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 59 ஏக்கர் நிலம் வாகன நிறுத்தத்துக்கு மட்டுமே செலவாகும். திருவல்லிக்கேணியில் அத்தகைய நிலம் எங்கும் கிடையாது. அடுக்குமாடி நிறுத்தகம் கட்டி இடத்தைப் பெருக்கிவிடலாம் என்று வாதிடலாம். ஆனால் சிக்னல்கள் உள்ள நகரச் சாலையின் ஒரு தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 800 கார்கள் செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், 9,500 கார்களும் ஒரு மணி நேரத்தில் வெளியேற ஏறத்தாழ 12 தடங்கள் முற்றிலும் காலியாக இருக்க வேண்டும். நிறுத்துமிடத்தைக் கூட்டினால் சாலைக்கு வரும் கார்களும் கூடுவதால், நெரிசல் அரங்க வாசலிலிருந்து நிறுத்தக வாசலுக்கு இடம் பெயருமே அன்றிக் குறையாது.

இத்தனை வண்டிகளின் சுமையையும் இறுதியில் தாங்குவது அக்கம்பக்கத்துத் தெருக்களே. போட்டி நாள் மாலையில் உட்தெருக்களின் இருபுறமும் இருசக்கர வாகனங்கள் நெருக்கமாக நிறுத்தப்படும்போது, அங்கு குடியிருப்போர் தம் வீட்டு வாசலிலிருந்து சொந்த வண்டியை வெளியே எடுக்கவும் வழியின்றிப் போகிறது. அரங்கத்துக்கு அருகே பெல்ஸ் சாலையில்தான் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று தலைமுறைகளாக அறியப்படும் அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை உள்ளது. அண்ணா சாலைப் பக்கம் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை உள்ளது. பிரசவ வலியோடு வரும் ஒரு பெண்ணின் ஆம்புலன்சுக்கு வழிவிட முடியாத சாலையை, எவ்வளவு பெரிய ஆட்டத்தின் பெயராலும் நியாயப்படுத்த இயலாது. போட்டி நாளில் சாலைகளை மூடுவதும் திசைமாற்றுவதும் காவல் துறையின் பொறுப்பாக இருப்பினும், மருத்துவமனை வழியை எந்நேரமும் திறந்து வைப்பது அந்தத் திட்டத்தின் முதல் விதியாக இருக்க வேண்டும்.

ரயிலின் வலிமையும் வரம்பும்

சேப்பாக்கத்துக்கு வாய்த்த பெரும்பேறு அதன் ரயில் இணைப்பு. சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலான பறக்கும் ரயில் 1995-இல் ஓடத் தொடங்கியது. அந்நிலையம் அரங்கத்தை ஒட்டியே உள்ளது. 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம் சுமார் ஒரு கிலோமீட்டர் நடை தூரத்தில் இருக்கிறது. ஆயினும் நிலையம் அருகில் இருப்பது மட்டும் போதாது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது ரயில் பாதை அமைக்கும் பணிக்காக, 2023 ஆகஸ்ட் இறுதியில் பறக்கும் ரயிலின் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டைப் பகுதி நிறுத்தப்பட்டு, 2024 அக்டோபரில்தான் மீண்டும் இயங்கியது. 2023 அக்டோபர் 8 அன்று இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டம் ஆடியபோது, வடசென்னையிலிருந்து கடற்கரை வழியாக நேராக வந்து இறங்கும் அந்தப் பாதை இல்லை.

ரயில் எவ்வளவு பேரைச் சுமக்கும் என்பதும் அது எத்தனை நிமிட இடைவெளியில் வருகிறது என்பதைப் பொறுத்ததே. நான்கு பெட்டிகள் கொண்ட சென்னை மெட்ரோ ரயிலில் சுமார் 1,200 பேர் பயணம் செய்யலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால், இரு திசைகளிலும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் 24 ரயில்கள் ஏறத்தாழ 29,000 பேரை ஏற்றிச் செல்லும். அதுவே பதினைந்து நிமிட இடைவெளி எனில் வெறும் 8 ரயில்கள், 10,000 பேரைக்கூட எட்டுவதில்லை. புதிய தடம் எதையும் போடாமல், இரவு 11 மணிக்கு மேல் ரயில்களின் இடைவெளியைச் சுருக்குவதால் மட்டுமே இவ்வளவு பெரிய வேறுபாடு உண்டாகிறது.

2023 ஐ.பி.எல். பருவத்தில் இத்திசையில் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்தது. போட்டிச் சீட்டு வைத்திருப்போர் மெட்ரோவில் தனிக் கட்டணமின்றிப் பயணிக்கச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனமும் இணைந்து ஏற்பாடு செய்தன. ஆட்ட நாள்களில் ரயில் சேவை வழக்கமான நேரத்தைக் கடந்தும் நீட்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், ஆட்டம் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே குளிர்சாதன வசதியற்ற மாநகரப் பேருந்துகளில் போட்டிச் சீட்டைக் காட்டி இலவசமாகப் பயணிக்க வழி செய்யப்பட்டது. இதனால் மிச்சமாவது பணம் மட்டுமன்று. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயணச்சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் நிலை ஒழிவதால், நிலைய வாசலில் உருவாகும் நெருக்கடியும் தணிகிறது.

கால்பந்து உலகம் கற்ற பாடம்

இந்த ‘ஒரே சீட்டு’ முறையில் ஜெர்மனி நீண்ட காலமாகவே முன்னோடியாக விளங்குகிறது. அந்நாட்டின் பல கால்பந்துக் கழகங்களுடைய போட்டிச் சீட்டிலேயே அப்பகுதியின் பேருந்து, டிராம், ரயில் ஆகியவற்றுக்கான அன்றைய பயணக் கட்டணமும் அடங்கியிருக்கிறது. 81,000-க்கு மேற்பட்டோர் கூடும் டார்ட்மண்ட் அரங்கமும் அத்தகையதே. இங்கிலாந்தில் லிவர்பூல் கழகத்தின் ஆன்ஃபீல்ட் அரங்கம், சேப்பாக்கத்தைப் போலவே வரிசை வீடுகள் நெருங்கிய தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது. அதன் வாசலில் ரயில் நிலையம் இல்லை. 2016-இல் முதன்மை மாடமும், அதன்பின் ஆன்ஃபீல்ட் சாலை மாடமும் விரிவுபெற்று, கொள்ளளவு சுமார் 61,000 ஆகியுள்ள நிலையில், சாண்ட்ஹில்ஸ் ரயில் நிலையத்திலிருந்து போட்டி நாள் பேருந்துகள் அரங்கத்துக்கு இயக்கப்படுகின்றன. சுற்றியுள்ள தெருக்கள் ‘போட்டி நாள் வாகன நிறுத்த மண்டலம்’ என அறிவிக்கப்பட்டுள்ளன. ஆட்ட நாள்களில் அனுமதிச் சீட்டு பெற்ற குடியிருப்போரும் அவர்களுடைய விருந்தினரும் மட்டுமே அங்கு வண்டி நிறுத்தலாம் என்பது இதன் பொருள். லண்டனில் 2019 ஏப்ரலில் திறக்கப்பட்ட, 62,850 இருக்கைகள் கொண்ட டாட்டன்ஹாம் அரங்கத்தைச் சுற்றி நான்கு ரயில் நிலையங்கள் இருப்பதால், கூட்டம் ஒரே வாசலில் குவியாமல் நான்காகப் பிரிகிறது.

இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. கொச்சி கலூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு அரங்கத்தின் அருகிலேயே 2017-இல் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணி அங்கு ஆடிய இரவுகளில் ரயில் நேரம் நீட்டிக்கப்பட்டதுண்டு. சென்னையிலேயே, சென்னையின் எஃப்.சி. ஆடும் பெரியமேடு நேரு விளையாட்டரங்கம் 1993-இல் கட்டப்பட்டபோதே சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் அமைந்ததால், காருக்கு முன்பே ரயிலை நினைக்கும் வாய்ப்பு அதற்குக் கிடைத்தது.

சிறிய ஊர்களுக்கு இன்னும் காலம் உண்டு

பெருநகரங்கள் காலங்கடந்து தேடும் தீர்வை, சிறிய ஊர்கள் முன்கூட்டியே செய்துகொள்ள முடியும். சேர்வராயன் மலைக்குக் கிழக்கே வாழப்பாடியில் 2020-இல் திறக்கப்பட்ட சேலம் கிரிக்கெட் மைதானத்தில் டி.என்.பி.எல். எனப்படும் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடைபெற்றுள்ளன. சுற்றிலும் நிலம் தாராளமாக இருக்கும் அத்தகைய இடங்களில் வண்டி நிறுத்த இடம் தேடுவது கடினமன்று. சேலத்துக்கு ஒரே நெடுஞ்சாலையில் அனைவரும் காரிலும் பைக்கிலும் இரவில் திரும்புவதே ஆபத்து. சேலம்–விருத்தாசலம் ரயில் பாதை வாழப்பாடி வழியாகவே செல்கிறது. ஆட்ட நாள்களில் அந்தப் பாதையில் ஒரு சிறப்பு ரயிலும், சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து சிறப்புப் பேருந்துகளும் ஓடுமானால், அரங்கம் வளர்வதற்கு முன்பே அதன் போக்குவரத்துப் பழக்கம் சீராக வேரூன்றிவிடும்.

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து நான்கு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவதாக, எந்த அரங்க விரிவாக்கத்துக்கும் கட்டட அனுமதி வழங்கும்போது, கூட்டக் கலைவுக்கான எழுத்துப்பூர்வமான திட்டமும் உடன் கோரப்பட வேண்டும். இரண்டாவதாக, போட்டிச் சீட்டே பயணச்சீட்டாகவும் செல்லும் முறை, அணிகளின் ஆண்டுதோறுமான விருப்பத்துக்கு விடப்படாமல் நிரந்தர விதியாக வேண்டும். மூன்றாவதாக, அரங்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டி நிறுத்தும் உரிமை போட்டி நாள்களில் அங்கு குடியிருப்போருக்கு மட்டுமே உரியதாக அறிவிக்கப்பட்டு, மற்றவர்களின் வாகனங்கள் தொலைவிலுள்ள மெட்ரோ நிலைய நிறுத்தகங்களில் விடப்பட்டு, அங்கிருந்து ரயிலில் வரும் பழக்கம் ஊக்குவிக்கப்பட வேண்டும். நான்காவதாக, இரவு ஆட்டங்கள் முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரமாவது ரயில்களும் பேருந்துகளும் நெருங்கிய இடைவெளியில் ஓட வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரும் பொருட்செலவைக் கோருவதில்லை. புதிய மாடம் ஒன்றைக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இவற்றுக்கான செலவு மிகச் சிறியதே. ஆட்டத்தைக் காணும் உரிமை இரசிகருக்கு உண்டு. இரவில் நிம்மதியாக உறங்கவும், ஆம்புலன்ஸ் தடையின்றி வந்து சேரவும் பக்கத்துத் தெருக்காரருக்கு உள்ள உரிமை அதற்குச் சற்றும் குறைந்ததன்று. இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் வழி பேருந்திலும் ரயிலிலும் இருப்பதால், அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கும் ஒவ்வொருவரும் வண்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். அவர்களை நள்ளிரவிலும் வீடு கொண்டு சேர்க்கும் பொறுப்பை அரசும் அரங்க நிர்வாகமும் ஏற்க வேண்டும்.